சி.எஸ்.ஐ. சபைக்குப் புதிதாக வந்தவர் தம் சபையின் வரலாற்றையும் விசுவாசத்தையும் அறிந்துகொள்ளும் வழி

திருமணத்தாலோ பணி மாற்றத்தாலோ தென் தமிழகத்தில் சி.எஸ்.ஐ. எனப்படும் தென்னிந்தியத் திருச்சபையின் ஒரு சபைக்குப் புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காகவும், கிறிஸ்தவ விசுவாசத்துக்கே புதியவர்களாக அந்தச் சபையில் ஞானஸ்நானம் பெற ஆயத்தமாகிறவர்களுக்காகவும் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். இவர்கள் "இந்தச் சபையின் வரலாறு என்ன, இங்கே எதை விசுவாசிக்கிறார்கள்" என்று கேட்டால், பெரும்பாலும் நூற்றாண்டு விழாவிலோ பிரதிஷ்டை பண்டிகையிலோ வெளியிட்ட மலர் ஒன்றை எடுத்துக் கையில் கொடுப்பார்கள். அந்த மலரை மறுக்காமல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதைக் கடைசியாகப் படியுங்கள். முதலில் ஆராதனை, அடுத்து கல்லும் கல்லறையும், அதன் பின் பதிவேடு, அதற்கும் பின் மலர் என்ற வரிசையில் போனால், மலரில் எழுதப்பட்டிருப்பதில் எது சான்றுள்ளது, எது ஒரு மலரிலிருந்து மற்றொரு மலருக்குப் பெயர்த்தெழுதப்பட்டு வந்தது என்பது உங்களுக்கே தெரியவரும்.

முதல் படியாக, நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் எதையும் விசாரிக்காமல் ஆராதனையில் மட்டும் பங்கெடுங்கள். ஆராதனை முறைமைப் புத்தகம் ஒன்றைக் கேட்டு வாங்கி, குருவானவர் சொல்லும் பகுதி எது, சபையார் சேர்ந்து சொல்லும் பகுதி எது என்று கவனித்துக்கொண்டே வாருங்கள். பாவ அறிக்கை, பாவமன்னிப்பு, பழைய ஏற்பாட்டுப் பாடம், நிருபப் பாடம், சுவிசேஷப் பாடம், பிரசங்கம், விசுவாசப் பிரமாணம், மன்றாட்டு, சமாதான வாழ்த்து, காணிக்கை, திருவிருந்து என்று போகும் அந்த ஒழுங்கில்தான் சபையின் விசுவாசம் இருக்கிறது. எழுத்தறியாத பாட்டிமார் பலரும் இந்தப் பகுதிகளைப் புத்தகம் பார்க்காமலே சொல்லுவார்கள். அவர்கள் விசுவாசத்தைக் காதால் கேட்டு வாயால் சொல்லிக் கற்றவர்கள் என்பதால், புதியவருக்கும் அந்த வழியே நல்லது என்பது என் கருத்து.

அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணத்தை ஒரு முறை தனியாக உட்கார்ந்து மெதுவாக வாசித்துப் பாருங்கள். வானத்தையும் பூமியையும் படைத்த பிதாவைப் பற்றித் தொடங்கி, குமாரனைப் பற்றிச் சொல்லும் இடத்தில் பொந்தியு பிலாத்து என்ற ரோம ஆளுநரின் பெயர் வருகிறது. கடவுளைப் பற்றிய அறிக்கையின் நடுவே ஓர் அரசு அதிகாரியின் பெயரை ஞாயிறுதோறும் சொல்வதற்குக் காரணம் உண்டு. இயேசு பாடுபட்டதும் மரித்ததும் ஒரு குறிப்பிட்ட காலத்தில், ஒரு குறிப்பிட்ட ஆட்சியின் கீழ் நடந்தவை என்பதே அந்தப் பெயரின் பொருள். வரலாறும் விசுவாசமும் இரண்டு தனித்தனிப் பாடங்கள் அல்ல என்பதை இந்த ஒரு பெயரிலிருந்தே கற்றுக்கொள்ளலாம். அதே பிரமாணத்தின் முடிவில் "பரிசுத்த பொதுவான சபையும், பரிசுத்தவான்களுடைய ஐக்கியமும்" என்று சொல்லும்போது, நீங்கள் உட்கார்ந்திருக்கும் ஆலயத்தை மட்டுமல்லாமல், எல்லா நாட்டிலும் எல்லாக் காலத்திலும் உள்ள திருச்சபையையே சொல்லுகிறீர்கள். திருவிருந்து ஆராதனையில் நிசேயா விசுவாசப் பிரமாணத்தையும் கேட்பீர்கள். 325ஆம் ஆண்டு நிசேயாவில் கூடிய சங்கத்தின் பெயரால் அது வழங்குகிறது.

இரண்டாவது படி, சபை எதை அடிப்படையாகக் கொள்கிறது என்பதை ஆலய ஊழியரிடமோ, பல ஆலயங்களுக்குப் பொறுப்பான குருவானவராகிய சேகரகுருவிடமோ நேரில் கேட்பது. தென்னிந்தியத் திருச்சபை நான்கு காரியங்களின் மேல் நிற்கிறது: இரட்சிப்புக்குத் தேவையான யாவையும் அடக்கியதும் விசுவாசத்துக்கு இறுதி அளவுகோலுமான வேதாகமம், மேற்சொன்ன இரண்டு விசுவாசப் பிரமாணங்கள், கிறிஸ்து ஏற்படுத்திய ஞானஸ்நானம், திருவிருந்து என்னும் இரண்டு திருமறைச் சடங்குகள், திருச்சபையின் அமைப்புச் சட்டத்துக்கு உட்பட்ட பேராயர் (பிஷப்) ஊழியம். குழந்தைகளுக்கும் ஞானஸ்நானம் உண்டு. அந்தக் குழந்தை வளர்ந்தபின் தன் வாயால் விசுவாசத்தை அறிக்கையிட, பேராயர் தலையில் கைவைத்து ஜெபிக்கும் திடப்படுத்தல் ஆராதனை தனியாக நடக்கும். நீங்கள் வேறு சபையிலிருந்து வந்தவராக இருந்தால், திருவிருந்துக்கு முன்செல்வதற்கு முன்னரே குருவானவரிடம் உங்கள் நிலையைச் சொல்லிவிடுங்கள். அதில் கூச்சப்பட எதுவுமில்லை. முந்தைய சபையிலிருந்து கடிதம் பெற்றுவந்தால் பெயர் சேர்ப்பதும் எளிதாகும். சபையின் தேர்தல்களில் வாக்களிக்க வேண்டுமானால் சந்தா செலுத்தி வருவது குறித்தும் அப்போதே கேட்டுக்கொள்ளலாம்.

அழைக்கும் முறையிலும் வரலாறு உண்டு. திருநெல்வேலிப் பக்கத்தில் "குருவானவர்" என்றும், ஊர்ப்பேச்சில் "ஐயர்" என்றும் சொல்லுவதை, வேறு இடங்களில் "ஆயர்" என்றும் "போதகர்" என்றும் சொல்லக் கேட்பீர்கள். நேரில் பேசும்போது "ஐயா" என்று அழைத்தால் எங்கும் சரியாக இருக்கும். பல ஆலயங்களைச் சேர்த்து ஒரு குருவானவரின் பொறுப்பில் விடப்படும் பகுதிக்குச் சேகரம் என்று பெயர். சிற்றூர் ஆலயத்தில் அன்றாட ஊழியத்தைப் பார்ப்பவர் சபை ஊழியர், பழைய வழக்கில் உபதேசியார். ஊரில் யார் வீட்டில் நோய், யார் வீட்டில் துக்கம் என்பது முதல் ஆலய மணி எந்த ஆண்டு வாங்கப்பட்டது என்பது வரை பெரும்பாலும் அவருக்குத்தான் தெரிந்திருக்கும்.

மூன்றாவது படிதான் பலரும் தவறவிடுவது. பல மரபுச் சபைகள் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை உருவான 1947க்கு முன்பு உங்கள் சபை எந்த மிஷனைச் சேர்ந்திருந்தது என்று கண்டுபிடியுங்கள். இது தெரிந்தால், மற்றக் கேள்விகளில் பாதி தாமாகவே தீர்ந்துவிடும். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பகுதிகள் சி.எம்.எஸ். (சர்ச் மிஷனெரி சங்கம்), எஸ்.பி.ஜி. (சுவிசேஷம் பரப்பும் சங்கம்) என்னும் இரண்டு ஆங்கிலிக்கன், அதாவது இங்கிலாந்துத் திருச்சபை மரபுச் சங்கங்களின் களமாக இருந்தன. கன்னியாகுமரிப் பகுதி எல்.எம்.எஸ். எனப்பட்ட லண்டன் மிஷனைச் சேர்ந்தது. மதுரையில் அமெரிக்க மதுரை மிஷனும், வேலூர், இராணிப்பேட்டைப் பகுதியில் ஆற்காடு மிஷனும் ஊழியம் செய்தன. ஓர் ஆலயத்தில் பீடத்தின் முன் உள்ள கம்பியருகே முழங்காற்படியிட்டுத் திருவிருந்து வாங்குவதற்கும், மற்றோர் ஆலயத்தில் அமைப்பு எளிமையாக இருப்பதற்கும் காரணம் இந்தப் பழைய வேறுபாடுதான். இணைப்பின்போது எந்தச் சபையின் மேலும் அதற்குப் பழக்கமில்லாத ஆராதனை முறையைத் திணிப்பதில்லை என்று உறுதி கூறப்பட்டது. ஆகவே இரண்டு சி.எஸ்.ஐ. ஆலயங்கள் வெவ்வேறாகத் தோன்றினால் அவற்றில் ஒன்று தவறானது என்று எண்ணிவிட வேண்டாம்.

திருநெல்வேலி மரபைச் சேர்ந்த சபைக்கு வந்திருப்பவர்கள் பின்வரும் வரலாற்றை மனத்தில் இருத்திக்கொண்டால், ஊரில் கேட்கும் கதைகளை அவற்றுக்குரிய இடத்தில் பொருத்திப் பார்க்க முடியும். தமிழகத்தில் புராட்டஸ்டண்ட் ஊழியம் 1706ஆம் ஆண்டு ஜூலை மாதம் தரங்கம்பாடியில் சீகன்பால்கு, புளுட்சோ என்னும் இரு ஜெர்மானியர் வந்திறங்கியதிலிருந்து தொடங்குகிறது. அவர்களை அனுப்பியவர் டென்மார்க்கு மன்னர். பாளையங்கோட்டையில் தொடக்கம் ஒரு விதவைப் பெண்ணால் ஆனது. தஞ்சை மராட்டியப் பிராமணக் குடும்பத்தில் பிறந்த கோகிலா 1778இல் ஜெர்மானிய மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றுக் கிளாரிந்தாள் ஆனார். 1780ஆம் ஆண்டுப் பதிவில் பாளையங்கோட்டைச் சபையார் 40 பேர். கிளாரிந்தாள் முன்னின்று கட்டிய ஆலயம் 1785இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. 1790இல் குருப்பட்டம் பெற்ற சத்தியநாதன் இந்தப் பகுதிக்கு ஊழியராக அனுப்பப்பட்டார். அயல்நாட்டு மிஷனெரிகள் நிலையாக வந்து தங்குவதற்கு முன்பே இந்த நாட்டுப் பெண் ஒருவரும் ஒரு தமிழ்க் குருவும் இங்கே சபையை நடத்திக்கொண்டிருந்தார்கள் என்பதைப் பல மலர்கள் ஒரே வரியில் கடந்துபோகின்றன. அந்த ஒரு வரி இன்னும் விரிவாக எழுதப்பட வேண்டியது என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

அடுத்து 1799. விசுவாசத்தினிமித்தம் துன்புறுத்தப்பட்டவர்களை ஒன்றாகக் குடியேற்றுவதற்காக டேவிட் சுந்தரானந்தம் என்ற உபதேசியார் காலத்தில் நிலம் வாங்கி ஏற்படுத்திய ஊர் முதலூர். முதல் கிறிஸ்தவ ஊர் என்ற பொருளே அதன் பெயராயிற்று. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த சி.எம்.எஸ். மிஷனெரி ரேனியஸ் ஐயரின் காலத்தில் இத்தகைய குடியேற்றங்கள் பெருகின. 1827இல் ஏற்பட்ட டோனாவூர், நிலம் வாங்கப் பொருளுதவி செய்த ஜெர்மானியப் பிரபு டோனாவின் பெயரைத் தாங்கியது. மெஞ்ஞானபுரம், சுவிசேஷபுரம், நாசரேத், சாயர்புரம், கிறிஸ்தியாநகரம் என்னும் ஊர்ப்பெயர்களை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் வேதாகமத்திலிருந்து வந்ததா, ஒருவரின் பெயரால் வந்ததா, விசுவாசச் சொல்லால் வந்ததா என்று பிரித்துப் பாருங்கள். உங்கள் ஊர் இவற்றில் எந்த வகை என்று தெரிந்தால், அதை உண்டாக்கியவர்களின் மனத்தில் என்ன இருந்தது என்பதும் ஓரளவு தெரியும். கால்டுவெல் 1841இல் இடையன்குடிக்கு வந்து அரை நூற்றாண்டு ஊழியம் செய்ததை இங்கே விரிக்கத் தேவையில்லை. தமிழ் படித்தவர்கள் அவரை வேறு காரணத்துக்காகவும் அறிவார்கள்.

நான்காவது படியாக, ஒரு நாள் காலையில் ஆலயத்தைச் சுற்றி நடந்து பாருங்கள். அஸ்திபாரக் கல்லில் உள்ள தேதியையும் பிரதிஷ்டைக் கல்லில் உள்ள தேதியையும் தனித்தனியே எழுதிக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் இடையே பல ஆண்டுகள் கடந்திருந்தால், பணம் போதாமல் வேலை நின்றதா, பஞ்சம் வந்ததா, சபைக்குள் பிணக்கா என்று பெரியவர்களிடம் கேட்க ஒரு நல்ல கேள்வி கிடைத்துவிடும். அதன் பின் கல்லறைத் தோட்டத்துக்குச் செல்லுங்கள். தேய்ந்துபோன எழுத்துகளை உச்சி வெயிலில் வாசிக்க முடியாது. சூரியன் சாய்வாக விழும் காலையிலோ மாலையிலோ பார்த்தால் எழுத்தின் பள்ளங்களில் நிழல் விழுந்து, மறைந்த வரிகளும் தெரியும். கல்லைச் சுண்ணாம்பாலோ கரியாலோ தேய்க்காதீர்கள், ஈரத்துணியால் தூசியைத் துடைப்பதே போதும். பழைய கற்களில் ஞானமுத்து, தேவசகாயம், வேதமாணிக்கம், மாசிலாமணி போன்ற தமிழ்ப்பெயர்களும், பிற்காலக் கற்களில் ஆங்கில உச்சரிப்புள்ள பெயர்களும் மிகுவதைக் காண்பீர்கள். பெயர் வைக்கும் வழக்கம் மாறிய காலத்தை எந்த மலரும் சொல்லாது, கல்லறைத் தோட்டமே சொல்லும்.

ஐந்தாவது படி பதிவேடுகள். இவை வெஸ்ட்ரி எனப்படும் குருவானவரின் அறை அலமாரியிலோ சேகர அலுவலகத்திலோ சேகரகுருவின் பொறுப்பில் இருக்கும், அவருடைய அனுமதியின்றித் தொடக்கூடாது. ஞானஸ்நானப் பதிவேடு, திருமணப் பதிவேடு, அடக்கப் பதிவேடு என்று மூன்று வகை உண்டு. ஞானஸ்நானப் பதிவேட்டில் ஞானஸ்நான நாள், பிறந்த நாள், பெயர், பெற்றோர் பெயர், குடியிருக்கும் ஊர், தகப்பனின் தொழில், ஞானஸ்நானம் கொடுத்தவரின் கையொப்பம் என்று கட்டங்கள் இருக்கும். தொழில் கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழாக வாசித்துக்கொண்டே வாருங்கள். பனையேறுதல், விவசாயக் கூலி என்று வரிவரியாக வந்துகொண்டிருந்த இடத்தில் ஒரு நாள் "உபாத்தியாயர்" என்ற சொல் முதன்முதலாக எழுதப்பட்டிருக்கும். சபைக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடம் தொடங்கிய பயன் ஒரு குடும்பத்துக்குள் எப்போது வந்து சேர்ந்தது என்பதற்கு அதைவிடத் துல்லியமான சான்று கிடையாது. அந்தச் சொல்லை ஒரு பழைய பதிவேட்டில் முதன்முதலாகக் கண்டபோது, நான் அடுத்த பக்கத்தைப் புரட்டாமல் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சில பக்கங்களில் ஒரே நாளில் பல குடும்பங்கள் ஞானஸ்நானம் பெற்றிருப்பார்கள். 1877, 1878ஆம் ஆண்டுகளை ஒட்டி இத்தகைய பதிவுகளைக் கண்டால், தென்னிந்தியாவை வாட்டிய பெரும் பஞ்சத்தின் காலம் அது என்பதை நினைவில் கொள்ளுங்கள். அப்போது சேர்ந்தவர்களை வயிற்றுக்காக வந்தவர்கள் என்று பழிப்பாரும் உண்டு. அந்தப் பழியை அப்படியே ஏற்பதற்கு முன், அதே குடும்பங்களின் பெயர்கள் பத்து ஆண்டுகள் கழித்தும் பதிவேட்டில் தொடர்கின்றனவா என்று தேடிப்பாருங்கள். பஞ்சம் போனபின்பும் பிள்ளைகளைக் கொண்டுவந்து ஞானஸ்நானம் கொடுத்தவர்களை எப்படி மதிப்பிடுவது என்பதைப் பதிவேடே உங்களுக்குச் சொல்லும். அண்மைக்காலப் பக்கங்களைப் படம் எடுக்க வேண்டாம், அவற்றில் உயிரோடிருப்பவர்களின் குடும்ப விவரங்கள் இருக்கின்றன.

திருமணத்தைப் பற்றிய ஒரு சொல்லையும் இங்கே குறிப்பிட வேண்டும். மணமக்களின் பெயர்களை மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆராதனையில் அறிவித்து, தடை ஏதேனும் இருந்தால் சொல்லும்படி கேட்பதைத் திருநெல்வேலிச் சபைகளில் "ஓலை வாசித்தல்" என்பார்கள். இப்போது வாசிப்பது அச்சிட்ட தாளாக இருந்தாலும் ஓலை என்ற சொல் மாறவில்லை. பாட்டுப் புத்தகங்களிலும் இப்படித்தான். கடவுளைக் குறிக்க, மிஷனெரி பாப்பிரிசியஸ் ஐயரின் வேதாகம மொழிபெயர்ப்பு "பராபரன்" என்றது, இன்று ஆலயத்தில் வாசிக்கப்படும் வேதாகமம் "தேவன்" என்கிறது, பிற்கால மொழிபெயர்ப்பு "கடவுள்" என்கிறது. பாமாலையிலும் கீர்த்தனையிலும் பராபரன் இன்றும் இருக்கிறார். மேனாட்டு மெட்டில் பாடும் பாமாலையையும், இராகமும் தாளமும் தலைப்பில் குறித்த கீர்த்தனையையும் ஒரே ஆராதனையில் அடுத்தடுத்துப் பாடும்போது, இந்தச் சபை எத்தனை கைகளால் உருவானது என்பதைச் செவியாலேயே அறிந்துகொள்ளலாம்.

ஆறாவது படி கடினமானது, ஆனால் விட்டுவிடக் கூடாதது. சபை வரலாற்றில் சாதியைப் பற்றிக் கேளுங்கள். தென்னிந்தியச் சபைகளுக்குள் தனித்தனி இருக்கைகளும் திருவிருந்தில் முன்பின் என்ற வரிசையும் இருந்தன. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் அவற்றை முற்றாக நீக்க வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியதும், அதை எதிர்த்துச் சிலர் சபையை விட்டு விலகியதும் வரலாற்றில் உள்ளவை. உங்கள் ஊரில் கல்லறைத் தோட்டம் ஒன்றா, இரண்டா? ஒரே ஊரில் இரண்டு ஆலயங்கள் இருந்தால் அதன் காரணம் என்ன? இவற்றை முதல் வாரத்திலேயே கேட்காமல், நம்பிக்கை ஏற்பட்டபின், தனியாக, ஒரு பெரியவரிடம் பணிவாகக் கேளுங்கள். "யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை" என்ற வசனத்தைப் பிரசங்கபீடத்திலிருந்து வாசிக்கும் சபை இந்தக் கேள்வியைத் தாங்கிக்கொள்ள வேண்டும் என்றே நான் நம்புகிறேன்.

1947இன் இணைப்பையும் அதற்குப் பிந்தியதையும் சுருக்கமாகத் தெரிந்துகொண்டால் போதும். 1919இல் தரங்கம்பாடியில் கூடிய இந்தியக் குருமார் முன்வைத்த இணைப்பு வேண்டுகோளுக்குப் பின்னால் இருந்தவர்களில் முக்கியமானவர் வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ். அசரியா. 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரான அவர், இணைப்பைக் காணாமலே 1945இல் மரித்தார். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை மரபுகள் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை உருவானது. சின்னத்தில் சிலுவையும் தாமரையும் இருப்பதையும், "அவர்களெல்லாரும் ஒன்றாயிருக்கவும்" என்ற யோவான் சுவிசேஷ வசனம் அதன் குறிக்கோளாக இருப்பதையும் ஆலயப் பலகைகளில் காணலாம். 1976 முதல் பெண்களும் குருப்பட்டம் பெறுகிறார்கள். 2003இல், ஒரு பேராயரின் பொறுப்பிலுள்ள பகுதியாகிய திருநெல்வேலித் திருமண்டலத்திலிருந்து தூத்துக்குடி-நாசரேத் திருமண்டலம் பிரிந்தது. உங்கள் சேகரம் எந்தத் திருமண்டலத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்துப் பழைய ஆவணங்களும் பிரிந்திருக்கக் கூடும்.

ஏழாவது படி, சபையின் வழக்கங்களில் கையால் பங்கெடுப்பது. சோறாக்க அரிசி எடுக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடியைத் தனிக் கலயத்தில் போட்டு ஆலயத்துக்குக் கொண்டுவரும் கைப்பிடி அரிசிக் காணிக்கை, பணம் கையில் புழங்காத பெண்கள் ஊழியத்தைத் தாங்கிய வழி. 1903இல் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கம் போன்ற சொந்த ஊழியங்களுக்குப் பின்னால் இப்படிப்பட்ட காணிக்கைகள் இருந்தன. சபையார் எல்லோரும் சேர்ந்து உண்ணும் அசனப் பண்டிகை வந்தால், சாப்பிடும் நேரத்துக்கு மட்டும் போகாதீர்கள். முந்தைய இரவே போய், வெங்காயம் உரிக்கிறவர்களோடு உட்காருங்கள். பெரிய பாத்திரங்களுக்குக் கீழே விறகைத் தள்ளிவிட்டுக்கொண்டே முதியவர்கள் சொல்லும் ஆலயக் கதைகள் வேறு எந்த இடத்திலும் உங்களுக்குக் கிடைக்கமாட்டா. மறுநாள் எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவதை, திருவிருந்து மேசையின் நீட்சியாகவே நான் பார்க்கிறேன்.

இவ்வளவும் ஆனபின் மலரைத் திறந்து, ஒவ்வொரு ஆண்டுக்கும் எதிரே கல், பதிவேடு, வாய்மொழி என்ற மூன்றில் எது சான்று என்று பென்சிலால் குறியுங்கள். சான்று கிடைக்காத ஆண்டுகளைத் தேட, திருநெல்வேலித் திருமண்டலத்தின் மாத இதழான நற்போதகத்தின் பழைய தொகுப்புகளையும், பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியின் ஆவணக் காப்பகத்தையும் நாடலாம். மிஷனெரிகள் தங்கள் சங்கங்களுக்கு எழுதிய கடிதங்கள் வெளிநாட்டில் உள்ளன. சி.எம்.எஸ். ஆவணங்கள் பர்மிங்காம் பல்கலைக்கழகத்திலும், எஸ்.பி.ஜி. ஆவணங்கள் ஆக்ஸ்போர்டிலும், எல்.எம்.எஸ். ஆவணங்கள் லண்டனிலும், தரங்கம்பாடிக் காலத்துக் கடிதங்கள் ஜெர்மனியின் ஹாலே நகரிலும் பாதுகாக்கப்படுகின்றன. ஆனால் அவற்றைத் தேடிப் போவதற்கு முன், உங்கள் சபையில் எண்பது வயதைக் கடந்தவர்கள் யார் யார் என்று சபை ஊழியரிடம் கேட்டு, அவர்களின் வீட்டுக்குச் செல்லுங்கள். "சிறு வயதில் யார் உங்களுக்கு விசுவாசப் பிரமாணம் சொல்லிக்கொடுத்தார்கள்" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு வரும் பதிலில் ஒரு உபதேசியாரின் பெயரோ, ஓய்வுநாள் பள்ளி அக்காவின் பெயரோ, ஒரு பாட்டியின் பெயரோ இருக்கும். சொல்பவரின் அனுமதியோடு அதைத் தேதியுடன் எழுதி, ஒரு படியை அவரிடமே கொடுத்துவிட்டு, மற்றொரு படியைச் சேகர அலுவலகத்தில் பதிவேடுகள் இருக்கும் அதே அலமாரியில் வைக்கும்படி சேகரகுருவிடம் ஒப்படையுங்கள்.